கிக் எங்கே போனது? டிரம் மெஷினில் புதிதாகக் கைவைத்தவர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

பட்டனை அழுத்தித் தாளம் அமைத்தால் தானே வாசிக்கும் பெட்டிதான் டிரம் மெஷின். அதை வாங்கிய முதல் மாதத்தில் மூன்று முறை அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். ஒரு முறை பஸ் நிறுத்தம் வரை போய்விட்டேன். மூன்று முறையும் பெட்டியில் குறை இல்லை. முதல் முறை குற்றவாளி கேபிள். இரண்டாம் முறை, நானே மாற்றிவைத்துவிட்டு மறந்துபோன ஓர் அமைப்பு. மூன்றாம் முறை என் தாளம். புதியவர்கள் படும் பாடு பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பெட்டி என்ன செய்கிறது, அல்லது என்ன செய்ய மறுக்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். அதற்கு முன் இரண்டு சோதனைகளை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். எந்தத் தலைப்பிலும் முதலில் இவற்றைத்தான் கேட்பேன்.

ஒன்று, ஹெட்போன் சோதனை. மற்ற எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டு ஹெட்போனை நேராக மெஷினில் சொருகிக் கேளுங்கள். அங்கே ஒலி சரியாக இருந்தால் பெட்டி நிரபராதி. கேபிள், ஒலிகளைக் கலக்கும் மிக்சர், லேப்டாப் என்று அதற்கு அடுத்து வரும் ஏதோ ஒன்றில்தான் கோளாறு.

இரண்டு, வாய்ச் சோதனை. நினைத்த பீட்டைத் தொடையில் தாளம் போட்டபடி வாயால் சொல்லிப் பாருங்கள். மிருதங்கம் கற்க வரும் பிள்ளைக்குத் தோலைத் தொடுவதற்கு முன்பே சொல்லைக் கொடுத்துவிடுவார்கள். அதே காரியம்தான் இது. வாய் தடுமாறும் இடத்தில் பட்டனும் தடுமாறும்.

மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். கிக் என்பது ‘டும்’ என்று இடிக்கும் பெரிய டிரம், ஸ்நேர் ‘டப்’ என்று வெடிக்கும் சின்ன டிரம், ஹைஹேட் ‘ட்ஸ்’ என்னும் தாளத்தட்டு. ஒரு சின்னக் கணக்கும் தேவைப்படும். பெரும்பாலான பெட்டிகளில் 16 ஸ்டெப் பட்டன்கள் வரிசையாக இருக்கும். ஸ்டெப் என்றால் சுற்றில் ஓர் அடி விழக்கூடிய இடம். நான்கு ஸ்டெப் சேர்ந்தால் ஓர் எண்ணிக்கை. தகதிமி என்பதை நான்கு முறை சொன்னால் 16 பட்டனும் தீர்ந்துவிடும். 1, 5, 9, 13 ஆகிய பட்டன்களில் ‘த’ விழும். ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து, வரிசைக்கு 16 கட்டம் எண்ணிக் கோடு போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு உயிரே வரவில்லை

அடாப்டரைப் பாருங்கள். 9 வோல்ட் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன வட்டப் படம் இருக்கும். நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று சொல்லும் படம் அது. கிட்டார் பெடல்களுக்கு வழக்கமாக வரும் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸ். கோர்க் வோல்கா வரிசைப் பெட்டிகளுக்கோ நடுமுனை பிளஸ்ஸாக இருக்க வேண்டும். இரண்டின் முனையும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும், சொருகினால் கச்சிதமாக உட்காரவும் செய்யும். உள்ளே பாதுகாப்பு டயோடு இருந்தால் பிழைத்தீர்கள். பெட்டியின் பின்புறத்தில் இருக்கும் படமும் அடாப்டரில் இருக்கும் படமும் ஒன்றாக இருந்தால்தான் சொருக வேண்டும். மில்லியாம்பியர் பெட்டி கேட்பதைவிட அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பெட்டி என்றால் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம் வீட்டில் 230. உள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே மின்னழுத்தத்துக்குச் செய்தவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் செலவு கருகல் வாடையைவிட மலிவு.

பேட்டரியில் ஓடும் பெட்டி திடீர் திடீரென்று அணைகிறதா? சாதாரண ஏஏ பேட்டரி 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் வகை 1.2 வோல்ட். ஆறு போட்டால் 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2தான் கிடைக்கும். எந்த வகை என்று சொல்லிவைக்கும் அமைப்பு சில பெட்டிகளில் உண்டு, அதை மாற்றுங்கள்.

விளக்குகள் ஓடுகின்றன, சத்தம் வரவில்லை

ஹெட்போன் சோதனை. அதிலும் கேட்கவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்: பெட்டியின் பொது ஒலியளவு, அந்தந்த வாத்தியத்தின் ஒலியளவு, மியூட். மியூட்தான் பொல்லாதது. எதையோ அழுத்தும்போது விரல் பட்டுவிடும், பல பெட்டிகளில் அதைக் காட்ட ஒரு மங்கலான விளக்கைத் தவிர வேறு அடையாளம் இருக்காது.

ஹெட்போனில் கேட்கிறது, மிக்சரில் கேட்கவில்லை என்றால் அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

ஹைஹேட் கேட்கிறது, கிக் காணவில்லை

பஸ் நிறுத்தம் வரை போனது இதற்காகத்தான்.

நண்பர் ஒருவர் வீட்டு மிக்சரில் மெஷினை இணைத்திருந்தோம். கிக் இல்லை. ஸ்நேர் இருந்த இடத்தில் ஏதோ காற்று ஊதியது. ஓரத்தில் தள்ளி வைத்திருந்த ஹைஹேட் மட்டும் தெளிவாக, சொல்லப்போனால் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. “பெட்டி செத்துவிட்டது” என்றார் நண்பர். நானும் நம்பினேன். பஸ்ஸுக்காக நிற்கும்போது பொழுது போகாமல் ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். கிக் நெஞ்சில் இடித்தது.

நடந்தது இதுதான். மெஷினின் ஹெட்போன் ஜாக்கில் இடது, வலது என்று இரண்டு ஒலிகள் வருகின்றன. மிக்சரில் நாங்கள் சொருகிய ஜாக்கோ பேலன்ஸ்டு வகை. அங்கே இரண்டு ஒயர்களில் வருவதை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துத்தான் மிக்சர் எடுத்துக்கொள்ளும். நீண்ட கேபிளில் வழியில் ஏறும் இரைச்சலை அழிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கிக்கையும் ஸ்நேரையும் எல்லோரும் நடுவில்தான் வைப்போம். அப்படியென்றால் இடது காதிலும் வலது காதிலும் அவை ஒரே அளவு. தராசின் இரு தட்டிலும் ஒரே எடைக்கல்லை வைத்தால் முள் அசையுமா? கழித்தால் பூச்சியம். ஓரத்தில் இருக்கும் ஹைஹேட் இரு பக்கமும் சமமில்லை, அதனால் அது மட்டும் தப்பித்தது.

கேபிளின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். உலோகத் தண்டைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள் இருக்கும். ஒரு வளையம் என்றால் மோனோ. இரண்டு வளையம் என்றால் ஸ்டீரியோவாகவோ பேலன்ஸ்டாகவோ பயன்படும் வகை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வளையம் கொண்ட ஒரே கேபிளை ஹெட்போன் ஜாக்கிலிருந்து மிக்சரின் மோனோ சேனலுக்குப் போட்டால் இந்தத் தொல்லை வரும். பெட்டி இரு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் வகையாக இருந்தால் கிக் மட்டுமல்ல, எல்லாமே மறையும்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ முனை, மறுபக்கம் இரண்டு 6.35 மி.மீ. மோனோ முனைகள் கொண்ட கிளை கேபிளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு முனைகளையும் மிக்சரின் இரண்டு சேனல்களில் சொருகி, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் திருப்பி வையுங்கள். கடைக்குப் போக நேரமில்லை, இப்போதே உறுதி செய்ய வேண்டும் என்றால், மிக்சர் பக்க முனையைப் பாதி வெளியே இழுத்துப் பாருங்கள். கிக் திடீரென்று எட்டிப் பார்த்தால் நோய் இதுதான்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பீட்டைப் பதிவுசெய்து செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு “கிக் இல்லையே” என்பவர்கள் பலர். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின் வகைக் கிக்கின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். விரல்நகம் அளவு ஸ்பீக்கரால் அந்தக் காற்றைத் தள்ள முடியாது. போனிலும் கேட்க வேண்டுமென்றால் கிக்கின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது அடி விழும் கணத்தின் ‘டக்’கைக் கூட்டுங்கள், அல்லது ஒலியைச் சற்றுக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவை லேசாகக் கொடுங்கள். மேலே முளைக்கும் நாதங்களைக் கேட்டுக் காது கீழே உள்ளதை ஊகித்துக்கொள்ளும்.

பிளே அழுத்தினால் நகரவே மாட்டேன் என்கிறது; நகர்ந்தால் ஆமையாக நகர்கிறது

பெட்டி வேறொருவரின் தாளத்துக்காகக் காத்திருக்கிறது. தாளத் துடிப்பு எங்கிருந்து வரும் என்று சொல்லும் கிளாக் அமைப்பு ‘வெளியிலிருந்து’ என்று இருக்கும். ‘உள்ளிருந்து’ என்று மாற்றினால் ஓடும். சில சிறிய பெட்டிகளில், வேறொரு கருவியோடு சேர்ந்து ஓடவைக்கும் சின்க் ஜாக்கில் ஒரு கேபிள் சொருகியிருந்தாலே போதும், மறுமுனையில் எதுவும் இல்லாவிட்டாலும் அது காத்துக்கொண்டு நிற்கும். நான் மாற்றிவைத்து மறந்துபோன அமைப்பு இதுதான்.

வேகம் தப்பினால் துடிப்புக் கணக்கு தப்பியிருக்கிறது. மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசும் மொழி. மிடி கிளாக் ஓர் எண்ணிக்கைக்கு 24 துடிப்பு அனுப்பும். வோல்கா, பாக்கெட் ஆபரேட்டர் போன்ற சிறிய பெட்டிகளின் சின்க் கேபிளில் ஓர் எண்ணிக்கைக்கு 2 துடிப்புதான். 24ஐ எதிர்பார்த்திருக்கும் பெட்டிக்கு 2 கொடுத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்தில் ஊரும். 120 வேகம், அதாவது நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை, 10 ஆகிவிடும். சரியாகப் பாதி வேகத்திலோ இரட்டை வேகத்திலோ ஓடினால், ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 என்று இருக்கிறதா பாருங்கள்.

பழைய ரோலண்ட் பெட்டிகளில் ஐந்து ஓட்டை கொண்ட வட்டமான சின்க் ஜாக் இருக்கும். மிடி ஜாக்கும் பார்க்க அப்படியே இருக்கும். உருவம் ஒன்று, மொழி வேறு. மிடி பிறந்தது 1983இல். 1980இல் வந்த 808க்கு மிடி தெரியாது, இடையில் மாற்றித் தரும் ஒரு கருவி வேண்டும்.

3.5 மி.மீ. மிடி கேபிளில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு, உள்ளே இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கும். 2018இல் ஏ வகையைப் பொதுத் தரமாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆர்ட்டூரியா, நோவேஷன் கருவிகள் சில பி வகை. எல்லா அமைப்பும் சரி, ஆனாலும் ஒரு சலனமும் இல்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பாக்கெட் ஆபரேட்டரில் ஒரு காதில் மட்டும் ‘டிக் டிக்’ என்று கேட்டால் பழுது இல்லை. அதுதான் சின்க் துடிப்பு. சின்க் முறையை அணைத்தால் போய்விடும்.

ஓர் அடி இரண்டு அடியாக விழுகிறது

பட்டனை ஒரு முறை தட்டுகிறீர்கள். ஒலி தடித்து, தகரக் குழாய்க்குள் அடித்ததுபோல் வருகிறது. லேப்டாப்பை இணைத்த பிறகுதான் இப்படி என்றால் ஹெட்போன் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்: முதலில் மெஷினில், பிறகு லேப்டாப்புக்கும் வெளி ஒலிக்கும் நடுவே இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில்.

மெஷினிலேயே இரட்டையாகக் கேட்டால் மிடி சுற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் தட்டியதும் பெட்டி ஒலிக்கிறது, அதே செய்தி லேப்டாப்புக்குப் போகிறது, அங்குள்ள மென்பொருள் உபசாரத்துடன் அதைப் பெட்டிக்கே திருப்பி அனுப்புகிறது, பெட்டி மீண்டும் ஒலிக்கிறது. மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை, அதாவது உள்ளே வருவதை அப்படியே வெளியே விடும் அமைப்பை, அணையுங்கள், அல்லது பெட்டியின் பட்டன் அதன் ஒலியை நேராக இயக்கும் லோக்கல் கண்ட்ரோலை அணையுங்கள். ஒன்று போதும். இரண்டையும் அணைத்துவிட்டுச் சத்தமே வரவில்லை என்று அடுத்த அரைமணி நேரம் தேடியவனும் நான்தான்.

மெஷினில் ஒற்றை, இன்டர்ஃபேஸில் இரட்டை என்றால் ஒலி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று இன்டர்ஃபேஸிலிருந்து நேராக, மற்றொன்று லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றிவிட்டு. 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் (லேப்டாப் ஒரு முறைக்குச் சேர்த்துவைத்து எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டு) என்றால் ஒரு பக்கப் பயணத்துக்கே ஏறத்தாழ 6 மில்லிசெகண்ட். இரண்டு வழிகளில் ஒன்றை மூடுங்கள்.

லேப்டாப்பிலிருந்து தட்டினால் எதுவுமே ஒலிக்கவில்லை என்பவர்கள் சேனலைப் பாருங்கள். தாளக் கருவிகளுக்கு வழக்கமான மிடி சேனல் 10. கிக்குக்கு 36, ஸ்நேருக்கு 38, மூடிய ஹைஹேட்டுக்கு 42, திறந்ததற்கு 46 என்பது பரவலான எண் வரிசை.

ஓயாத ரீங்காரம்

கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் வரும். மவுஸை நகர்த்தும்போது ‘கிர்ர்’ என்று மாறும் கீச்சொலி லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து வருவது. பெட்டிக்கு மின்சாரமும் யுஎஸ்பியில், ஒலியும் அதே லேப்டாப்புக்கு என்று வட்டம் போட்டால் இரண்டாவது வர வாய்ப்பு அதிகம். பெட்டியை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஓய்ந்தால், மின்சாரத்துக்குத் தனி அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பியும் வேண்டியிருந்தால் இடையில் யுஎஸ்பி ஐசோலேட்டர் போடலாம். குமிழைத் திருப்பும்போது மட்டும் ‘கரகர’ என்றால் உள்ளே தூசி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு இருபது முறை திருப்புங்கள்.

எல்லாம் ஒலிக்கிறது, ஆனால் தாளமாக இல்லை

இங்கிருந்து ஹெட்போன் உதவாது, வாய்தான்.

பேடில் நேரடியாக அடித்துப் பதிவுசெய்பவர்களுக்கு வரும் தொல்லை: முதல் அடி ஒரு கணம் முந்திவிடும். பெட்டி அதை முந்தைய சுற்றின் 16ஆம் ஸ்டெப்பாக எடுத்துக்கொள்ளும். ஆக முதல் சுற்றில் ‘த’ இல்லை, கடைசியில் ஒரு தேவையற்ற இடி. ஸ்டெப் விளக்குகளைப் பாருங்கள், 16இல் எரிவதை அணைத்து 1இல் ஏற்றுங்கள். எண்ணித் தொடங்கும் மெட்ரோனோம் வசதி இருந்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியும் குழப்பம் தீரவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நோட்டில் இதை எழுதுங்கள்: கிக் 1, 9. ஸ்நேர் 5, 13. ஹைஹேட் 1, 3, 5, 7, 9, 11, 13, 15. வேகம் 90. இது ஓடும்போது தகதிமி சொல்லுங்கள். சலிக்கும் வரை ஓடவிடுங்கள். பிறகு 11இல் ஒரு கிக் மட்டும் கூட்டுங்கள். ஓர் அடி வந்ததும் முழு நடையும் தோளைக் குலுக்குவது தெரியும். ஆரம்பக் காலத்தில் எல்லோரும் 16 கட்டத்தையும் நிரப்பப் பார்ப்போம். நிரம்பிய நோட்டுப் பக்கத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

தாளம் சரி, உயிரில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. விடை ஒன்றல்ல.

முதலில் அழுத்தம். எட்டு ஹைஹேட்டும் ஒரே பலத்தில் விழுந்தால் அது தாளம் அல்ல, தையல் மெஷின். 3, 7, 11, 15ஐ மெதுவாக்குங்கள். ஒவ்வோர் அடியின் பலத்தையும் தனியே மாற்றும் வெலாசிட்டி வசதி இல்லாத பெட்டியில், ஒரு ஸ்டெப்பை உரக்க ஒலிக்கவைக்கும் அக்சென்ட் இருக்கும். 808இல் அது எல்லா வாத்தியத்துக்கும் பொது. 9ஆம் ஸ்டெப்பில் அக்சென்ட் வைத்தால் அங்கே இருக்கும் கிக், ஹைஹேட் இரண்டும் சேர்ந்தே உரக்கும். “கிக்கைத்தானே அழுத்தினேன், ஹைஹேட் ஏன் கத்துகிறது” என்பதற்கு இதுதான் பதில். ஹைஹேட்டின் பொது ஒலியளவை இறக்கிச் சமன்செய்ய வேண்டும்.

அடுத்தது ஸ்விங், அதாவது சில ஸ்டெப்களைக் கொஞ்சம் தாமதப்படுத்தித் தாளத்தை ஊஞ்சலாட்டும் வசதி. ரோஜர் லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1 டிரம் மெஷினில் தொடங்கி, 1988இல் அகாய் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த எம்பிசி60 என்னும் பெட்டி வழியாக ஊரெங்கும் பரவியது. 50 சதவீதம் என்றால் ஸ்டெப்கள் சம இடைவெளியில் நேராக நடக்கும். கூட்டக் கூட்ட இரட்டைப்படை ஸ்டெப்கள், அதாவது 2, 4, 6, 8 தாமதமாக வரும். 66க்குப் போனால் முழுத் திஸ்ர ஊஞ்சல். 90 வேகத்தில் இரண்டு ஸ்டெப் சேர்ந்தால் 333 மில்லிசெகண்ட். 58 சதவீதம் வைத்தால் இரண்டாவது ஸ்டெப் நேர் இடத்திலிருந்து 27 மில்லிசெகண்ட் பிந்தி விழும். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் கழுத்து ஆடத் தொடங்கும்.

“ஸ்விங்கை முழுதாகத் திருகிவிட்டேன், துளியும் மாறவில்லை” என்று புகார் சொல்பவர்கள் மேலே சொன்ன பீட்டையே எடுத்துப் பாருங்கள். 1, 3, 5, 7, 9, 11, 13, 15: எல்லாம் ஒற்றைப்படை. ஸ்விங் தொடும் இடத்தில் ஓர் அடிகூட இல்லை! காலி வகுப்பில் பாடம் நடத்துகிறது குமிழ். 8இலும் 14இலும் மெதுவாக ஒரு ஹைஹேட் வையுங்கள், 12இல் காதில் விழுந்தும் விழாததுமாக ஒரு ஸ்நேர் வையுங்கள். இப்போது குமிழைத் திருகுங்கள்.

திறந்த ஹைஹேட் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளாமல் வெட்டுப்படுகிறதா? அடுத்த ஸ்டெப்பில் மூடிய ஹைஹேட் இருக்கும். நிஜத் தாளத்தட்டைக் காலால் மூடினால் ஒலி நிற்கும் அல்லவா, அதைப் பின்பற்றி ஒன்று மற்றொன்றை அடக்கும்படி செய்திருக்கிறார்கள். நீள வேண்டுமென்றால் அடுத்த மூடிய அடியை எடுத்துவிடுங்கள்.

நம் ஊர் நடை வரவே மாட்டேன் என்கிறது

நாட்டுப்புற மெட்டுகளில் பல திஸ்ர நடையில் இருப்பவை. தகிட, தகிட என்று மூன்று மூன்றாக ஓடும். 16ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றுதான் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் காலைத் தடுக்கிவிடுகிறது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துப் பயனில்லை. பேட்டர்ன், அதாவது ஒரு சுற்றுத் தாளத்தின், நீளத்தை 12ஆக்குங்கள். ‘கடைசி ஸ்டெப்’ என்றோ ‘நீளம்’ என்றோ அமைப்பு இருக்கும். வோல்கா பீட்ஸில் ஆக்டிவ் ஸ்டெப் முறையில் கடைசி நான்கு பட்டன்களை அணைத்தால் அதே விளைவு.

இப்போது கிக் 1, 7. ஸ்நேர் 4, 10. ஹைஹேட் 1, 3, 4, 6, 7, 9, 10, 12. வாயால்: தகிட தகிட தகிட தகிட, ‘கி’யை மட்டும் விழுங்கிவிட்டு. ஊஞ்சல் வந்துவிடும்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. வேகம் 90 என்று வைத்தால் பாட்டு துரத்துகிறது. ஏனென்றால் பெட்டி இன்னும் நான்கு ஸ்டெப்பை ஓர் எண்ணிக்கையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது, உங்களுக்கோ மூன்றே ஸ்டெப். நீங்கள் நினைக்கும் வேகத்தை மூன்றால் பெருக்கி நான்கால் வகுங்கள். 90க்கு 67.5. திரையில் புள்ளி வராவிட்டால் 67 அல்லது 68 வையுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மிஸ்ர சாப்புக்கு 14 ஸ்டெப்: தகிட தகதிமியில் எழுத்துக்கு இரண்டு. கண்ட சாப்புக்கு அதே கணக்கில் 10. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு 32 ஸ்டெப் வேண்டும், இரண்டு பேட்டர்ன்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டுப் பெட்டி நம் இசைக்கு வளையாது என்று சிலர் சொல்வதுண்டு. 808 சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1982இல், இந்தித் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் அதை வைத்து ராகங்களைப் பதிவுசெய்துவிட்டார். சாக்கு செல்லாது.

கிக் இருக்கிறது, எல்லாம் கூழாகக் கேட்கிறது

கிக்கின் டிகேயை, அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை, குறையுங்கள். ஒரு கிக்கின் வால் அடுத்த கிக்கின் தலையை மிதிக்கிறது. பேஸ் வாசிப்பும் சேர்ந்திருந்தால் இரண்டில் ஒன்றுதான் நீளமாக இருக்கலாம். சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஒவ்வொரு வாத்தியத்தையும் இறக்குங்கள், பொதுக் குமிழை மட்டும் இறக்கினால் உள்ளே முன்பே கிழிந்துவிட்ட ஒலி கிழிந்தபடியேதான் மெதுவாகக் கேட்கும்.

நேற்று அடித்தது இன்று இல்லை

சேமிக்கவில்லை, அவ்வளவுதான். பல பெட்டிகளில் பேட்டர்னை மாற்றினாலோ அணைத்தாலோ சேமிக்காதது போய்விடும். எந்தப் பட்டன் சேர்க்கை சேமிக்கும் என்பதைக் கையேட்டில் பார்த்து முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். பழைய பெட்டி என்றால், சேமித்தும் மறந்தால், நினைவைக் காக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். 808க்கு மூன்று ஏஏ பேட்டரிகள் அந்த வேலையைச் செய்கின்றன. வேறு பலவற்றில் உள்ளே ஒரு நாணய வடிவ லித்தியம் பேட்டரி இருக்கும். பற்றவைத்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என் பீட் எல்லாம் இப்போது கணக்கு நோட்டில் பெருக்கல் குறிகளாக இருக்கின்றன. சென்ற மழைக்காலத்தில் கரண்ட் போய், சேமிக்காத ஒன்று காணாமல் போனது. நோட்டைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் திரும்ப அடித்துவிட்டேன். ஜன்னல் சாரலில் ஓர் இடத்தில் மட்டும் மை கரைந்திருந்தது. கிக் 11ஆம் கட்டத்திலா 12ஆம் கட்டத்திலா என்று தெரியவில்லை. வாயால் சொல்லிப் பார்த்தேன், 11 என்றது. 12இல் வைத்துப் பார்த்தேன். அங்கேயே விட்டுவிட்டேன்.